சட்டச் சொல் அறிந்த சான்றோர்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வாழ்க்கை வரலாறு ஒன்று எழுதித் தருமாறு விழாக் குழுவினர் பணித்தபோது, எவரைப் பற்றி எழுதுவது என்னும் ஐயம் எனக்கு எழவில்லை. அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை நம் பிள்ளைகள் ஓரளவேனும் அறிவர். ஆனால் அவ்வண்ணலோடு இலண்டன் மாநகரில் வட்டமேசை மாநாட்டில் வீற்றிருந்து, அவரோடு ஒரே அறிக்கையில் கையொப்பமிட்ட தமிழ்ப் பெரியவர் ஒருவரை நம்மில் பலர் தபால்தலைப் படமாக மட்டுமே அறிந்திருக்கிறோம். அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்.

இதழாசிரியர், அமைப்பாளர், சட்டமன்ற உறுப்பினர் என அவர் ஆற்றிய பணிகள் பல. அவை அனைத்தையும் ஒரு கட்டுரையில் அடக்க இயலாது. ஆகவே அவருடைய வாழ்வின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் ஆங்கிலம் கற்றார். ஆங்கிலத்துள்ளும் சட்டத்தின் ஆங்கிலத்தைக் கற்றார். வழக்கறிஞர் பட்டம் பெறாமலேயே நீதிமன்றத்தின் சொற்களைத் தம் கைக்கருவியாக ஆக்கிக்கொண்டார். அக்கருவி நம் மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டது, இன்றைய இளைஞர் அதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இளமையும் கல்வியும்

சீனிவாசனார் 1859ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள், செங்கற்பட்டுச் சீமையில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். அந்நாளைய நிலையை அவரே தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அக்கல்லூரியில் ஏறத்தாழ 400 மாணவர் பயின்றனர். அவருள் பதின்மர் நீங்கலாக ஏனையோர் பார்ப்பனர். தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சத்தால் அவர் எவரோடும் நெருங்கிப் பழகவில்லை. மணி அடிக்கும்வரை வெளியே காத்திருப்பார். மணி அடித்தபின் வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் விரைந்து வீடு திரும்புவார்.

இன்று நம் பிள்ளைகள் பள்ளி விளையாட்டுத் திடலில் அச்சமின்றி ஓடி ஆடுகிறார்கள். அத்திடலின் ஓரத்தில் கூட நில்லாமல் கற்ற மாணவர் ஒருவர் இருந்தார் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

படிப்பிற்குப்பின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராக ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றினார். கணக்குப் புத்தகமும் கடிதப் போக்குவரத்தும் அவருடைய ஆங்கிலத்தைக் கூர்மையாக்கின. ஒரு சொல் பிழைத்தால் பணம் பிழைக்கும் என்பது அவ்வேலையின் விதி. சொல்லை எடைபோட்டு எழுதும் பழக்கம் இவ்வாறு அவரிடம் அமைந்தது. 1890இல் சென்னைக்கு வந்து பொதுப்பணியில் இறங்கினார்.

இதழும் மனுவும் வழக்கும்

1891இல் பறையர் மகாஜன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் பறையன் என்னும் பெயரிலேயே திங்களிதழ் ஒன்றைத் தொடங்கினார். இழிசொல்லாகப் பிறர் வீசியதைத் தலைப்பாகச் சூடிக்கொண்ட துணிவை எண்ணிப் பாருங்கள். சில மாதங்களில் அது வார இதழாயிற்று. 1900 வரை நடைபெற்றது.

இதழ் தொடங்கிய அதே ஆண்டில் ஒரு பெரும் கேள்வி எழுந்தது. இந்திய ஆட்சிப் பணிக்குரிய தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரசார் கோரினர். கல்வி வாய்ப்பு முழுவதும் மேற்குலத்தார் கையில் இருந்த நாளில், அதிகாரப் பதவிகளும் அவர் கைக்கே செல்லும், சாதி நோக்கோடு ஆளப்படுவோம் என்று சீனிவாசனார் அஞ்சினார். 3,412 பேர் கையொப்பமிட்ட மனு ஒன்றைத் திரட்டி இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். அவருடைய நிலைப்பாட்டைக் குறித்து இன்று கருத்து வேறுபாடு கொள்வோர் இருக்கலாம். ஆனால் சேரிகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்கள் பெட்டிஷன் என்னும் சட்ட வடிவம் பெற்றுக் கடல் கடந்து சென்றதை எவரும் மறுக்க இயலாது. அதுவரை நம் முன்னோர் அதிகாரியின் முன் கைகட்டி நின்று முறையிட்டனர். முறையீடு காற்றோடு போயிற்று. மனுவோ ஏட்டில் நின்றது.

1896இல் இதழில் வெளிவந்த கடிதம் ஒன்றைக் காரணமாகக் காட்டி அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. எழுதிய சொல்லுக்கு ஆசிரியரே பொறுப்பு என்பதைக் குற்றவாளிக் கூண்டில் நின்று அவர் கற்றார். நீதிமன்றத்தோடு அவருக்கு ஏற்பட்ட முதற் பழக்கங்களுள் இதுவும் ஒன்று. அடுத்த பழக்கம் அயல்நாட்டில் வாய்த்தது.

கடல் கடந்த மொழிபெயர்ப்பாளர்

நம் மக்களின் குறையை இங்கிலாந்துக்கே நேரில் சென்று உரைக்கும் எண்ணத்தோடு புறப்பட்டவர் ஆப்பிரிக்கா சென்று சேர்ந்தார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியேற்றார். காந்தியடிகள் அங்கு வழக்கறிஞராக இருந்த காலம் அது. அடிகள் தமிழில் தம் பெயரைக் கையொப்பமிடக் கற்றது சீனிவாசனாரிடமே என்று நம் பெரியோர் வழிவழியாகக் கூறுவர்.

அம்மொழிபெயர்ப்புப் பணியின் பெருமையை உணர, அங்கு வாழ்ந்த தமிழரின் நிலையை அறிதல் வேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்ட முதற் கப்பல் 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அன்று தொடங்கிப் பல்லாயிரம் தமிழர் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். வேறு வேலையாள் ஒருவன் முதலாளியை விட்டு நீங்கினால் அது சிவில் வழக்கு. அவன் சிறை செல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தக் கூலி நீங்கினாலோ அது கிரிமினல் குற்றம், அவனுக்குச் சிறை. ஒரே செயல், இரண்டு சொற்கள். அவ்விரு சொற்களுக்கும் இடையே சிறைச்சாலையின் மதில் நின்றது. ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்குவோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்க 1895இல் சட்டமும் இயற்றினர்.

1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முதலாளியால் அடித்துப் பல் உடைக்கப்பட்டு, வாயில் குருதி ஒழுகக் காந்தியடிகளின் அலுவலகத்திற்கு வந்தார். அவர் பேசிய தமிழ் அடிகளுக்குப் புரியவில்லை. தமிழறிந்த எழுத்தர் ஒருவர் உடனிருந்ததால் செய்தி தெரிந்தது. மருத்துவரிடம் காயச் சான்று பெறப்பட்டது. நீதிபதியின் முன் அஃபிடவிட் என்னும் உறுதிமொழிப் பத்திரம் வைக்கப்பட்டது. முதலாளிக்குச் சம்மன் பிறந்தது. இது சீனிவாசனார் அங்குச் செல்வதற்கு முன் நடந்த நிகழ்ச்சி. ஆயினும் இரு மொழியும் அறிந்த ஒருவர் அருகில் இருப்பது எத்துணை இன்றியமையாதது என்பதை இஃது ஒன்றே காட்டும். அந்த எழுத்தர் இல்லையேல் பாலசுந்தரத்தின் குருதி வெறும் குருதியாகவே உலர்ந்திருக்கும்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் வேலை, அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் வைக்கும் வேலையன்று. சாட்சி தமிழில் பேசுவார். எடுத்தேன் என்பார். அதை எடுத்தல் என்று பெயர்ப்பதா, திருடுதல் என்று பெயர்ப்பதா? தோட்டத்தை விட்டு வந்தேன் என்பார். முறையிட வந்ததாகக் கொள்வதா, ஓடிப்போனதாகக் கொள்வதா? கை ஓங்கினான் என்பார். அச்சுறுத்தியதாகுமா, அடித்ததாகுமா? மொழிபெயர்ப்பாளர் தேரும் ஒரு சொல்லில் ஓர் ஏழையின் பல மாத வாழ்வு அடங்கியிருக்கும். சாட்சி சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரக்கத்தால் மாற்றுவதும் பிழை. அச்சத்தால் மழுப்புவதும் பிழை. இத்தகைய பணியில் பயின்றவரே தாயகம் திரும்பிச் சட்டமன்றத்தில் அமர்ந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பொது என்னும் ஒரு சொல்

ஏறத்தாழ இருபதாண்டு அயல்நாட்டு வாழ்வுக்குப்பின் 1921இல் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது.

அடுத்த ஆண்டு நாடெங்கும் தெருவில் நடக்கும் உரிமை பற்றிய பேச்சு எழுந்தது. 1924 மார்ச்சில் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கிற்று. நம் மதுரையில் தொழில் நடத்திய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அதில் முன்னின்று சிறை புகுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் சென்னைச் சட்டமன்றத்தில் சீனிவாசனாரின் தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பரில் அரசு அதனை ஆணையாக வெளியிட்டது.

அத்தீர்மானத்தின் அமைப்பை ஆசிரியன் என்ற முறையில் நான் பலமுறை வியந்ததுண்டு. இரங்குங்கள் என்ற சொல் அதில் இல்லை. தாழ்த்தப்பட்டோருக்குச் சலுகை தாருங்கள் என்ற சொல்லும் இல்லை. எந்த வகுப்பைச் சேர்ந்த எவரும் நகரிலோ சிற்றூரிலோ உள்ள பொதுச் சாலை, தெரு, நடைபாதை ஆகியவற்றில் நடப்பதற்குத் தடையில்லை. பொதுக் கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடம், பொது அலுவல் நடக்கும் கட்டடம் ஆகியவற்றை மற்றையோரைப் போலவே நாடிப் பயன்கொள்வதற்கும் தடையில்லை என்பதே அதன் சாரம். பப்ளிக் என்னும் ஒரு சொல்லை அவர் அச்சாணியாக வைத்தார். வரிப்பணத்தில் அமைந்தது பொது. பொது என்றால் அனைவருக்கும் உரியது. அனைவர் என்பதில் நாமும் அடக்கம். இவ்வளவே அவர் வாதம். இதனை மறுக்க விரும்புவோர் தெருவைப் பொதுத் தெரு அன்று என்று சொல்ல வேண்டியவராயினர்.

ஆணை பிறந்ததும் எல்லாத் தெருக்களும் திறந்துவிடவில்லை. ஓர் உரிமையை அறிவிப்பது வேறு. அதைத் தடுப்பவனுக்குத் தண்டனை விதிப்பது வேறு. தண்டனை இல்லாத உரிமை, பூட்டில்லாத கதவு போன்றது. இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்த சீனிவாசனார் அடுத்த வாய்ப்பில் தண்டனையையும் எழுத்தில் கேட்டார்.

ஊர்விலக்கம் குற்றம் ஆன வரலாறு

1930 நவம்பரில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்டோரின் சார்பில் அழைக்கப்பெற்றவர் இருவர். ஒருவர் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். இருவரும் கையொப்பமிட்டு, வருங்கால அரசியலமைப்பில் நம் மக்களுக்கு வேண்டிய பாதுகாப்புகள் பற்றிய அறிக்கை ஒன்றைச் சிறுபான்மையோர் துணைக்குழுவிடம் அளித்தனர். சம குடியுரிமை, வேற்றுமை காட்டாமை, சட்டமன்றத்திலும் அரசுப் பணியிலும் போதிய இடம் முதலிய நிபந்தனைகள் அதில் வரிசையாக அமைந்துள்ளன.

அதில் நம் சிற்றூர் வாழ்வை நேரே தொடும் பகுதி ஒன்று உண்டு. உரிமையைப் பயன்படுத்தும் ஏழையை அடிப்பதைவிடக் கொடிய ஆயுதம் ஊர்விலக்கம் என்பதை இருவரும் அறிவர். வயலில் வேலை இல்லை, கடையில் பண்டம் இல்லை, நிலமோ வீடோ வாடகைக்கு இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. இவற்றைச் செய்பவன் எவனையும் தொடுவதில்லை, கத்தி எடுப்பதில்லை. ஆகவே பழைய சட்டத்தில் அதற்குக் குற்றம் என்ற பெயர் இல்லை. அவ்வறிக்கையோ பாய்காட் என்னும் சொல்லை எடுத்து, எவையெவை ஊர்விலக்கம் ஆகும் என்று இலக்கணம் வகுத்தது. ஊர்விலக்கம் செய்தல் ஒரு குற்றம். பிறரைத் தூண்டுதல் ஒரு குற்றம். செய்வேன் என மிரட்டுதல் ஒரு குற்றம் எனத் தனித்தனியே பிரித்து, சிறையும் அபராதமும் கோரியது. பர்மாவில் 1922இல் இயற்றப்பட்ட ஊர்விலக்கத் தடைச் சட்டத்தையும், அமெரிக்க நாட்டில் அடிமைத்தளை நீங்கிய மக்களைக் காக்க 1866இலும் 1875இலும் இயற்றிய சட்டங்களையும் அவர்கள் முன்மாதிரியாகக் கொண்டனர். உலகில் எங்கே நல்ல சட்டச் சொல் இருந்தாலும் அதைத் தேடி எடுத்துத் தம் மக்களுக்காக வைத்தனர்.

1931இல் நடந்த இரண்டாம் மாநாட்டிலும் சீனிவாசனார் கலந்துகொண்டார். 1932 செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவருள் அவரும் ஒருவர். 1936இல் திவான் பகதூர் பட்டம் பெற்றார். 1939இல் ஜீவிய சரித்திரச் சுருக்கம் என்னும் தம் வரலாற்று நூலை வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

அவர் கோரிய தண்டனைச் சட்டத்தை அவர் காணவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், ஒழிந்த தீண்டாமையால் கிடைத்த உரிமையைப் பயன்படுத்தியவனை ஊர்விலக்கம் செய்வதைக் குற்றமாக்கியது. அச்சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பின்னர்ச் செய்த திருத்தம் 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. சமூக விலக்கம், பொருளாதார விலக்கம் ஆகிய இரண்டும் அதில் இலக்கணத்தோடு குற்றமாக எழுதப்பட்டுள்ளன. 1930இல் ஒரு தாளில் எழுதிய சொல் நம் காவல் நிலையங்களின் வாசலை அடைய இத்தனை ஆண்டு ஆயிற்று. அச்சொல் இப்போது வந்துவிட்டது; ஆனால் அதைச் சொல்லிக் கேட்கத் தெரிந்தவர் நம் ஊர்களில் எத்தனை பேர்?

மதுரையில் வாழும் நமக்கு இன்னொரு சொல்லும் நினைவிலிருக்க வேண்டும். 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயரின் முயற்சியால் கக்கன் உள்ளிட்ட நம்மவர் மீனாட்சியம்மன் கோயிலில் நுழைந்தனர். இதனை விழாவாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அந்நுழைவுக்காக அவர்கள்மீதும் துணைநின்ற அலுவலர்மீதும் வழக்கு வராதிருக்க, இண்டெம்னிட்டி என்னும் காப்புறுதியோடு கூடிய சட்டம் ஒன்றை அரசு அவ்வாண்டிலேயே இயற்ற வேண்டியிருந்தது. சாமி கும்பிடச் சென்றவருக்கும் தண்டனையிலிருந்து காப்புச் சட்டம் வேண்டியிருந்த நாடு இது.

என் பிழை ஒன்று

இவ்வளவும் எழுதிய நான், சட்டச் சொல் தெரியாமையால் செய்த பிழை ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சற்றேறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் பி.ஏ. தேறிப் பி.எட். படிப்பில் சேரக் காத்திருந்த காலம். எங்கள் தெருவில் பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. என் பெரியப்பா களத்துமேட்டில் கூலி கேட்டதற்காகச் சாதிப் பெயர் சொல்லி அடிக்கப்பட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தார். சில மாதம் கழித்து ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவிப்புத் தாள் ஒன்று வந்தது. அதைப் படித்துச் சொல்ல என்னிடம் கொண்டுவந்தார்.

அதில் வழக்கு ரெஃபர்டு என்றும், மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட் என்றும் எழுதியிருந்தது. கல்லூரியில் நான் கற்ற ஆங்கிலப்படி ரெஃபர் என்றால் மேலிடத்திற்கு அனுப்புதல். மிஸ்டேக் என்றால் தவறு. ஆகவே வழக்கு மேல் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டிருக்கிறது, எதிரியின் தவறு உண்மையென்று எழுதியிருக்கிறார்கள் என்று பெருமிதத்தோடு விளக்கினேன். பெரியப்பா கருப்பட்டி மிட்டாய் வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தார்.

பல மாதம் சென்று வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா ஒருவர் அத்தாளைப் பார்த்தார். காவல் துறை வழக்கத்தில் ரெஃபர்டு என்றால், மேல் நடவடிக்கை இல்லையென முடித்துவிட்டார்கள் என்று பொருள். மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட் என்றால், புகாரில் சொன்னது உண்மை நிலைக்கு மாறானது என்று பொருள். அறிவிப்புக் கிடைத்ததும் நீதிபதியிடம் ஆட்சேபணை மனு கொடுத்திருக்கலாம். கொடுக்க வேண்டிய வேளையில் நாங்கள் மிட்டாய் உண்டோம். பிறகு வழக்கை எடுத்து நடத்தப் பெரியப்பாவுக்கு ஊக்கமும் இல்லை, கையில் காசும் இல்லை. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. தாளை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார். அவர் கடிந்திருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

இளைஞர் கற்க வேண்டியவை

அன்று தொடங்கி, என் வகுப்பில் ஆங்கிலம் கற்பிக்கும்போதெல்லாம் பள்ளியில் ஒரு முகமும் நீதிமன்றத்தில் வேறு முகமும் காட்டும் சொற்களைத் தனியே எழுதிப் போடுவேன். அவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறேன்.

சென்டென்ஸ் என்றால் இலக்கண வகுப்பில் வாக்கியம், நீதிமன்றத்தில் தண்டனை. சார்ஜ் என்றால் கடைத்தெருவில் கட்டணம், நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு. சார்ஜ் ஷீட் என்பது காவல் துறை தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை. டிஸ்சார்ஜ் என்றால் மருத்துவமனையில் வீடு திரும்புதல். நீதிமன்றத்தில் விசாரணைக்கு முன்பே எதிரியை விடுவித்தல். விசாரணை முழுதும் நடந்தபின் விடுதலை செய்வது அக்விட்டல். காம்பவுண்ட் என்றால் நமக்குச் சுற்றுச்சுவர்; நீதிமன்றத்தில் இரு தரப்பும் இசைந்து வழக்கை முடித்துக்கொள்ளுதல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்களை அவ்வாறு சமரசத்தால் முடித்துக்கொள்ள அச்சட்டத்தில் இடமில்லை. ஊர்ப் பெரியவர் நெருக்கினாலும் இதை நினைவில் கொள்ளுங்கள்.

அக்யூஸ்ட் என்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். கன்விக்ட் என்பவர் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர். முன்னவரைக் குற்றவாளி என அழைத்தல் தவறு. நம் எதிரிக்கும் இது பொருந்தும். பொய் வழக்கில் சிக்கும் நம் பிள்ளைக்கும் இது பொருந்தும். சம்மன் என்பது வரச்சொல்லும் ஓலை. வாரண்ட் என்பது பிடித்துவரச் சொல்லும் ஆணை. பெயில் என்பது பிணை, விடுதலை அன்று.

எல்லாவற்றிலும் முதன்மையானது எஃப்.ஐ.ஆர். என்னும் முதல் தகவல் அறிக்கை. நாம் வாயால் சொன்னதை அலுவலர் எழுதிக்கொண்டால், அதை நமக்குப் படித்துக்காட்ட வேண்டும். அறிக்கையின் படியைக் கட்டணமின்றித் தர வேண்டும். 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கையொப்பம் வாங்குமுன் படித்துக்காட்டுவதை வன்கொடுமை வழக்குகளில் அலுவலரின் கடமையாகவே எழுதியிருக்கிறது. ஆகவே படித்துக்காட்டாத தாளில் எவரும் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டா.

2024 சூலை முதல் நாளிலிருந்து 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. கொலைக்குரிய 302ஆம் பிரிவு இப்போது 103. முதல் தகவல் அறிக்கைக்கு முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு. இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. பிரிவு எண்களை நெட்டுருச் செய்தவர் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. சொற்களின் பொருளைக் கற்றவருக்கு அந்த இடர் குறைவு.

ஆங்கிலம் எதற்கு, தமிழ் போதாதோ எனக் கேட்போர் உண்டு. புகாரைத் தமிழிலேயே எழுதுங்கள், தெளிவாக எழுதுங்கள். ஆனால் வழக்கு மேலே செல்லச் செல்ல ஆங்கிலம் வந்து நிற்கிறது. 2004 சூலை முதல் நம் யானைமலைப் பக்கத்திலேயே உயர்நீதிமன்றக் கிளை இருக்கிறது. மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பேருந்தில் அங்குச் சென்றுவிடலாம். ஆயினும் அங்கு வழங்கும் தீர்ப்பின் மொழி ஆங்கிலம். தூரம் குறைந்தது, மொழியின் தூரம் குறையவில்லை. அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

கற்கும் வழி கடினமன்று. நாளிதழில் நாள்தோறும் வரும் நீதிமன்றச் செய்தியில் ஐந்து சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பள்ளிப் பொருள், நீதிமன்றப் பொருள் என இரண்டையும் எதிரெதிரே எழுதுங்கள். கழகத்தின் மாலை வகுப்பில் ஒருவர் புகார்தாரராகவும் ஒருவர் எழுத்தராகவும் இருந்து புகார் எழுதிப் பழகுங்கள். நீதிமன்றம் பொது இடம். நீதிமன்றம் நடைபெறும் நாளில் மூத்தோர் துணையோடு சென்று, பின்வரிசையில் அமர்ந்து விசாரணையைக் கேளுங்கள். ஐயம் எழுந்தால் என்னைப் போல் ஊகித்துச் சொல்லாதீர்கள், அறிந்தவரைக் கேளுங்கள். பட்டியல் இனத்தவருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தருகிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம்; 15100 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

நிறைவாக

மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே காத்திருந்த மாணவர் ஒருவர், பின்னாளில் எந்தக் கட்டடத்தில் பொது அலுவல் நடக்கிறதோ அந்தக் கட்டடத்தில் எவரும் நுழையலாம் என்னும் தீர்மானத்தை நாட்டுக்குத் தந்தார். இவ்விரண்டுக்கும் இடையே அவர் ஈட்டிய செல்வம் நிலமன்று, பொன்னன்று. சொல்லின் பொருளறிந்து அதை உரிய இடத்தில் வைக்கும் திறனே அவர் ஈட்டிய செல்வம்.

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகம் பலரைப் பட்டதாரிகளாக்கியிருக்கிறது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் தெருவுக்கு ஒருவரேனும், ஒரு முதியவர் கொண்டுவரும் தாளை வாங்கிப் பிழையின்றிப் படித்து, அதில் உள்ளதை உள்ளவாறு சொல்லத் தெரிந்தவராக வேண்டும். என் பெரியப்பா இன்று இல்லை. ஆனால் அத்தகைய தாளோடு யாரேனும் ஒருவர் நாளைக் காலையிலும் உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார். அவருக்குச் சரியாகப் படித்துச் சொல்லுங்கள். சீனிவாசனாருக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவே.